விண்வெளி மின்சாரமா, மஃபாத் வீட்டுக் கூரையா?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் நம் ரீயூனியன் தீவில், மலைகள் சூழ்ந்த மஃபாத் பள்ளத்துக்குச் சாலையும் இல்லை, ஊர் மின்கம்பியும் போகவில்லை. வீட்டுக்கு வீடு சோலார் பேனலும் பேட்டரியும்தான். பாரமான சாமானெல்லாம் ஹெலிகாப்டரில் வந்து இறங்க வேண்டும். பேட்டரிக்கோ ஆயுள் குறைவு. அப்படியும் விளக்கு எரிகிறது.

விண்வெளியில் பேனல் விரித்து, மின்சாரத்தை நுண்ணலையாக (மைக்ரோவேவ்) கீழே அனுப்பலாம் என்று பொறியாளர் பீட்டர் கிளேசர் 1968இல் சொன்னார். அங்கே சதுர மீட்டருக்குச் சுமார் 1,361 வாட் வெயில். இரவு என்பது ஏறக்குறைய இல்லை. புயல் மேகம் கவிந்து நம் கூரைகள் சோர்ந்து கிடக்கும் நாளிலும் அந்த அலை ஊடுருவி வரும். புயல் அடிக்கும் தீவுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் செயற்கைக்கோள் நிற்கும் உயரத்திலிருந்து 36,000 கிலோமீட்டர் கடந்து வரும் அலை விரிந்துபோகும். அதைப் பிடிக்கத் தரையில் சில கிலோமீட்டர் அகலத்துக்கு அலைவாங்கி வேண்டும். சேன் ஆந்த்ரே பக்கத்துக் கரும்புத் தோட்டங்களை விட்டால் அவ்வளவு இடத்துக்கு எங்கே போவது? செலவைக் கேட்டால் இன்னும் மலைப்பு: நாசாவின் 2024 அறிக்கைக் கணக்கில் ஒரு யூனிட்டுக்கு 0.61 முதல் 1.59 டாலர் வரை. தரையில் எடுக்கும் பசுமை மின்சாரத்தைப் போல 12 முதல் 80 மடங்கு! 2023இல் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகச் சோதனைக்கலம் பூமிக்கு அனுப்பிக் காட்டியதும் கருவி உணரும் அளவு துளி ஆற்றலே.

என் ஓட்டு இப்போதைக்குக் கூரைக்கே. ஆனாலும் 1990களில் நம் ரீயூனியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கிராங் பாசேன் கிராமத்துக்கு 10 கிலோவாட்டை 700 மீட்டர் தூரம் கம்பியில்லாமல் அனுப்பத் திட்டம் போட்டார்களே, அந்த ஆராய்ச்சியை இங்கே மறுபடி தொடங்க வேண்டும்.