பாலியெஸ்டர் துணிக்கு நாலு நட்சத்திரம், கூட வந்த ஆணிக்கு சைபர்

போன வருடம் மார்ச் மாதம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டை விற்பதற்காகக் கராஜைக் காலி பண்ணினார்கள். கூரையில் கயிறு கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது ஒரு பழைய இரட்டை இருக்கைக் கயாக், அதாவது ஒடுங்கிய துடுப்புப் படகு. "அப்பா செய்தது, விறகாக்க மனம் வரவில்லை" என்றார் அந்த வீட்டு அம்மா. 40 பவுண் கொடுத்துத் தூக்கி வந்தேன். என் மனிசி சுற்றிப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, உதில ஏறினா நேரா தண்ணிக்குள்ளதான்" என்றா. பொய்யில்லை. விரலால் அழுத்தியதும் கன்வஸ் துணி பிஸ்கட் மாதிரி நொறுங்கியது. அதற்குப் புதுத் துணி போர்த்த வாங்கிய பெட்டியைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் இந்த மாதிரிக் கயாக்குகள் ஏராளம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பெர்சி பிளாண்ட்ஃபோர்ட் என்பவர் வீட்டிலேயே கட்டக்கூடிய படகு வரைபடங்களை விற்றார். அவர் பெயரை வைத்துத்தான் இவற்றுக்குப் பி.பி.கே. என்ற பெயர். பிளைவுட்டில் வெட்டிய சில குறுக்குச் சட்டங்கள், அணியத்திலிருந்து (முன் முனை) அமரம் (பின் முனை) வரை ஓடும் ரீப்பர்கள் என்ற மெல்லிய மரச் சட்டங்கள், மேலே கன்வஸ், செப்பாணி, பெயின்ட். அவ்வளவுதான். சாரணர் பையன்கள்கூடக் கட்டினார்கள். என்னுடையதில் முதுகு சாயும் பலகை பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து வெட்டியது. சுரண்டியபோது 'புரொடியூஸ் ஆஃப் சிலோ' வரை எழுத்து வந்து, மிச்சம் அறுந்து போயிருந்தது. மற்ற எல்லாப் பலகையையும் மணல்தாள் போட்டுத் தேய்த்தேன், அதைத் தொடவில்லை.

சட்டகத்தைப் பற்றிச் சுருக்கமாக. அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் இரண்டு ரீப்பர்கள் உக்கிப் போயிருந்தன. உக்கிய துண்டை வெட்டி, ஒன்றுக்கு எட்டு என்ற சரிவில் சீவிப் புது மரத்தை எப்பொக்சி போட்டு ஒட்டினேன். அந்தக் காலத்துத் தூள் பசை காய்ந்து கண்ணாடி மாதிரி உடைந்ததால் மூட்டுகளுக்கும் எப்பொக்சிதான். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பதால் ஈரத் தாளில், முகமூடி போட்டுத்தான் தேய்த்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இணையக் கடை ஒன்றில் 'துணிப் படகு புதுப்பிக்கும் பெட்டி' என்று 185 பவுணுக்கு வாங்கினேன். உள்ளே 8 அவுன்ஸ் (ஒரு சதுர யார் துணியின் எடை) பாலியெஸ்டர் துணி பத்து மீட்டர், மெழுகு பூசிய நூல், ஒட்டுப் பசை ஒரு தகரம், 'செப்பாணி' 300, இரண்டு பக்கத்தில் ஒரு செய்முறைத் தாள்.

துணி அருமை. வழவழப்பான, கொஞ்சம் வெள்ளிப் பளபளப்புள்ள நெசவு. படகைக் கவிழ்த்து முக்காலிகளில் வைத்து, துணியை மேலே விரித்து, நடுவில் தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி இழுத்து ஆணி அடிக்க வேண்டும். சோபாவுக்கு உறை மாற்றியவர்களுக்கு இது பழகிய வேலை. வெட்டிய விளிம்பு பொல பொலவென்று நூல் பிரியும், அதனால் வெட்டின உடனே சூடான கத்தியாலோ சால்டரிங் அயனாலோ ஓரத்தை உருக்கிவிடுங்கள். இதைத் தாளில் எழுதியிருந்தார்கள், அந்தப் புண்ணியம் அவர்களுக்கு. அணியத்தில் மட்டும் எப்படி மடித்தாலும் இரண்டு சுருக்கம் விழுந்தது. சரி, அயன் பண்ணும்போது போகும் என்று விட்டேன்.

போனது. இந்தத் துணியின் வித்தையே அதுதான். சூடு பட்டால் சுருங்கும். சுமார் 120 பாகை செல்சியஸில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏற்றி, 175க்குள் நிறுத்த வேண்டும். 250 வாக்கில் பாலியெஸ்டர் உருகியே விடும். வீட்டு இஸ்திரிப் பெட்டியில் 'காட்டன்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம், சமையல் வெப்பமானி ஒன்றை வைத்துச் சோதித்தேன். அணியத்துச் சுருக்கத்தின் மேல் பெட்டியை வைத்து எடுத்தபோது, கண்ணுக்கு முன்னாலேயே மடிப்பு குறுகி, நெளிந்து, காணாமல் போனது. மனிசியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "என்ர சீலைக்கும் இப்பிடி ஒருநாள் செய்யலாமே" என்று கேட்டுவிட்டுப் போனா.

ஆனால் ஒரு பிழை விட்டேன். இடது பக்கம் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் வலது பக்கம் போனேன். அன்று பின்னேரம் பார்த்தால் இடது பக்கம் நடு ரீப்பர் ஒரு விரற்கடை உள்ளே வளைந்திருக்கிறது! இந்தத் துணி அவ்வளவு பலமாக இழுக்கும். இரண்டு பக்கமும் மாறி மாறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சூடு காட்ட வேண்டும் என்று அந்தத் தாளில் ஒரு வரி போட்டிருந்தால் நான் ஏன் அப்படிச் செய்யப் போகிறேன்? வலது பக்கத்தைச் சுருக்கியபின் பாதி நேரானது. மீதி வளைவு இன்றைக்கும் இருக்கிறது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் படும்.

பெயின்ட் அந்தப் பெட்டியோடு வராது, தனியாக வாங்க வேண்டும். பருத்திக் கன்வஸ் பெயின்டைக் குடிக்கும், பாலியெஸ்டர் குடிக்காது. முதல் பூச்சைத் தாராளமாக அடித்ததால் நெசவின் கண்ணுக்குள்ளால் ஒழுகி, உள்ளே முத்து முத்தாக வியர்வை மாதிரித் தொங்கியது. ஸ்பொஞ்ச் உருளையால் மெல்லிசாக, ஒவ்வொரு பூச்சும் காய்ந்த பிறகு அடுத்தது என்று நாலு பூச்சு அடியுங்கள். எண்ணெய் எனாமல் போதும். நான் அடித்தது பழைய பச்சையேதான். தட்டினால் தவில் மாதிரி 'தொம்' என்கிறது.

முதலில் 31 கிலோ இருந்த படகு, முடிந்தபின் 24. குளியலறைத் தராசில் நான் படகைத் தூக்கிக்கொண்டு ஏறி, பிறகு என் எடையைக் கழித்துப் பார்த்த கணக்கு. பழைய கன்வஸும் அதன் மேல் வருடக்கணக்காக ஏறிய பெயின்டும்தான் அந்த ஏழு கிலோ.

பிராக்ஸ்பர்னில் லீ ஆற்றில் இறக்கினோம். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. துணிப் படகில் போகாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: காலுக்கு அடியில் ரீப்பர்களுக்கு நடுவே துணி மெல்ல உள்ளே வந்து போகும். எதிரே ஒரு வள்ளம் போனால் அதன் அலை உங்கள் குதிக்காலைத் தடவிக்கொண்டு போகும். பிளாஸ்டிக் கயாக்கில் இது கிடையாது. ஆகஸ்டில் ஒரு கொங்கிரீட் விளிம்பில் நன்றாக உரசினேன். ஒரு சாண் நீளத்துக்குப் பெயின்ட் போனது, துணி கிழியவில்லை.

படகுக் கிளப்பில் ஒரு பெரியவர் இன்னமும் 12 அவுன்ஸ் பருத்திக் கன்வஸ்தான் போடுகிறார். வளைவுக்கு வடிவாக இணங்கும், பழைய படகுக்கு அதுதான் முறை என்கிறார். முறை சரி. ஆனால் ஈரத்தோடு மடக்கி வைத்தால் உக்கும், என் கராஜ் எப்போதும் ஈரம். பருத்தித்துறையில் பிறந்தவன் பருத்தியைக் கைவிட்டது அதனால்தான். நைலான் உரசலுக்கு இன்னும் நல்லது, ஆனால் தண்ணீர் பட்டால் தொய்ந்துவிடும். லொறித் தார்ப்பாய் மாதிரியான பி.வி.சி.க்குப் பெயின்ட் வேலையே இல்லை, ஆனால் அணியத்தில் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். பார்க்கச் சகிக்காது.

இப்போது ஆணி. ஆற்றில் இறக்கிய மூன்றாம் மாதம், மேல் ஓரச் சட்டத்துக்குக் கீழே பச்சைப் பெயின்டில் கபில நிறக் கோடுகள் இறங்கத் தொடங்கின. செம்பு துருப்பிடிக்காதே என்று யோசித்து, மிஞ்சிய ஆணிகளைக் குசினி மேசையில் கொட்டி, பிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்து வந்து பிடித்தேன். குஞ்சுகள் தாய்க்கோழியிடம் ஓடுகிற மாதிரி அத்தனையும் ஓடி வந்து ஒட்டின. வெறும் இரும்பு, மேலே செம்பு முலாம். கடைக்குப் படத்தோடு எழுதினேன். 'செம்பு நிறம்' என்ற பொருளில்தான் போட்டோம் என்று பதில், 5 பவுண் தள்ளுபடிக் கூப்பனும் கூட. கூப்பனை வைத்து என்ன செய்ய, இன்னொரு பெட்டி ஆணி வாங்கவா?

ஆகவே துணியை மட்டும் மீட்டர் கணக்கில் வாங்குங்கள். அதே கடையிலேயே தனியாக மீட்டர் 12 பவுண்தான். பசையும் நூலும் எங்கேயும் கிடைக்கும். ஆணியைப் படகுச் சாமான் விற்கும் கடையில், காந்தத்தோடு போய் வாங்குங்கள்.

நான் அசல் செப்பாணி வாங்கி வைத்துவிட்டேன். இந்தக் குளிர்காலம் ஓரச் சட்டத்தைக் கழற்றி ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், 260க்கு மேல் வரும். காந்தம் கராஜில்தான் இருக்கிறது. பிரிட்ஜில் ஒட்டியிருந்த டாக்டர் அப்பொயின்ட்மென்ட் துண்டு எங்கே விழுந்தது என்று மனிசி இன்னமும் தேடுகிறா.