கை மரப்பு போனது, கழுத்து வலி போகவில்லை: செயற்கை டிஸ்க் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியவர்கள் படியுங்கள்

கழுத்தெலும்புகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் இரண்டை எடுத்துவிட்டு, அசையும் செயற்கை டிஸ்க் வைக்கும் ஆபரேஷன் எனக்கு முடிந்து ஒரு வருடமும் இரண்டு மாதமும் ஆகிறது. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். போன வாரம் எங்கள் பள்ளி சயின்ஸ் டீச்சர், அதே ஆஸ்பத்திரியில் அதே ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டு வந்து ஃபைலைக் காட்டினார். அவரிடம் சொன்னதை எல்லாருக்கும் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். புகார் நிலுவையில் இருப்பதால் ஆஸ்பத்திரி பெயரை இங்கே போடவில்லை.

நான் திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வயது 44. குனிந்து பேப்பர் திருத்துவதும் நிமிர்ந்து போர்டில் எழுதுவதுமாக 20 வருடம். கழுத்து வலி மூன்று, நான்கு வருடமாகவே உண்டு. தைலம், வெந்நீர் ஒத்தடம் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அரையாண்டுத் தேர்வு சமயத்தில் வலது கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப்போயின. சாக்பீஸைப் பிடித்திருப்பதே விரலுக்குத் தெரியவில்லை. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் எம்ஆர்ஐ ஃபிலிமை வெளிச்சத்தில் மாட்டி, பேனாவால் இரண்டு இடத்தைத் தொட்டார். "சி5-சி6, சி6-சி7, ரெண்டு டிஸ்க்கும் பிதுங்கி நரம்பை அழுத்துதும்மா. வண்டியில போறப்ப ஒரு குழியில இறங்கி ஏறினா கை கால் விளங்காமப் போயிடும்" என்றார். அதற்கப்புறம் என் கணவர் வாயே திறக்கவில்லை. நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "கழுத்து வலி போயிடுமா டாக்டர்?" "புது டிஸ்க் போட்டா புதுக் கழுத்து மாதிரிதாம்மா. ரெண்டு வாரத்துல ஸ்கூலுக்குப் போகலாம்." (சி5, சி6, சி7 என்பது கழுத்தின் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது எலும்புகள்.)

விரல் மரத்து அப்போது ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. டிஸ்க் பிதுங்கிக் கையில் இறங்கும் வலியும் மரப்பும் பெரும்பாலானவர்களுக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் மாத்திரை, பிசியோதெரபியிலேயே குறையத் தொடங்கிவிடும். கை பலம் குறைந்துகொண்டே போவது, நடை தடுமாறுவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது, இவை இருந்தால்தான் அவசரம். எனக்கு மூன்றும் இல்லை. இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்கு என் கண் முன்னால் இருந்தது அந்தக் குழி மட்டும்தான்.

பணக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எஸ்டிமேட் 5,20,000 ரூபாய். இன்ஷூரன்ஸ் 5 லட்சம் வரை. ஆபரேஷன் முடிந்த மறுநாள், "சைஸ் ஒத்துவரல, வேற கம்பெனி டிஸ்க் போட வேண்டியதாச்சு" என்று பில் 6,85,000 ஆனது. என் செயினும் இரண்டு வளையலும் அடகுக்குப் போயின. என்ன கம்பெனி, என்ன சைஸ் என்று காட்டும் ஸ்டிக்கர் டிஸ்சார்ஜ் ஃபைலில் இல்லை.

இந்த ஆபரேஷனைக் கழுத்தின் முன்பக்கமாகச் செய்கிறார்கள். மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத்தான் எலும்பை எட்ட முடியும். அதனால் கொஞ்ச நாள் விழுங்கக் கஷ்டமாக இருக்கும், குரல் கம்மும். இது சகஜம், பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ரசம் சாதத்தைக் கரைத்துக் குடித்தேன். இட்லி கூடத் தொண்டையில் நின்றது. குரல் திரும்ப ஆறு வாரம் ஆனது. குரலை வைத்துப் பிழைக்கிற ஒருத்திக்கு அந்த ஆறு வாரம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

நல்லதையும் சொல்ல வேண்டும். கண் விழித்த அன்றே விரல் மரப்பு பாதி குறைந்துவிட்டது, ஒரு மாதத்தில் சுத்தமாகப் போய்விட்டது. தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு இழுப்பு இருந்தது, அதுவும் மெல்ல அடங்கியது. கழுத்து வலி மட்டும் அப்படியே நின்றது. சொல்லப்போனால் கூடியது. குனிந்தால் தாங்கிக்கொள்ளலாம். போர்டின் மேல் பாதியில் எழுத நிமிர்ந்தால், பின்கழுத்தில் இரண்டு பக்கமும் யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிற மாதிரி இருக்கும். கொடியில் துணி போட முடியாது. பரணிலிருந்து பாத்திரம் எடுக்க முடியாது.

ரிவ்யூவுக்கு நான்கு முறை போனேன். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம். "டிஸ்க் சூப்பரா உட்கார்ந்திருக்கு" என்பார். டிஸ்க் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை, வலிக்கிறது என்றேன். மூன்றாவது முறை மாத்திரையைக் கூட்டினார். நான்காவது முறை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக்கொடுத்தார். வெளியே வந்து பார்க்கிங்கில் நின்று அழுதேன்.

ஏழாவது மாதம் மதுரையில் வேறொரு முதுகெலும்பு மருத்துவரிடம் போனேன். அவர் புது ஃபிலிம் எதையும் முதலில் பார்க்கவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் எடுத்த எம்ஆர்ஐயின் எழுத்து ரிப்போர்ட்டைக் கேட்டார். இரண்டு பக்கக் காகிதம். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிக்கு அடியில் பேனாவால் கோடு போட்டு என் பக்கம் திருப்பினார். ஃபாஸெட் மூட்டுகளில் இரண்டு பக்கமும் தேய்மானம் என்று இருந்தது. அந்தக் காகிதம் ஒன்பது மாதமாக என் பீரோவில்தான் இருந்தது.

இரண்டு கழுத்தெலும்புகளுக்கு நடுவில் முன்பக்கம் டிஸ்க் இருக்கிற மாதிரி, பின்பக்கம் வலது, இடது என்று பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன மூட்டுகள் இருக்கின்றன. அவைதான் ஃபாஸெட். அவை தேய்ந்தால் பின்கழுத்து வலிக்கும், நிமிரும்போது கூடும். அசையும் செயற்கை டிஸ்க் போட்டால் தேய்ந்த மூட்டும் அசைந்துகொண்டேதான் இருக்கும். அளவுக்கு மீறி உயரமான டிஸ்க் என்றால் அந்த மூட்டுகள் விரிந்து வலி கூடும். மருந்துக்கும் மருத்துவக் கருவிகளுக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2007-இல் முதன்முதலாகக் கழுத்துக்குச் செயற்கை டிஸ்க்கை அனுமதித்தபோதும், 2013-இல் அடுத்தடுத்த இரண்டு டிஸ்க்குக்கு அனுமதித்தபோதும், அது நரம்போ தண்டுவடமோ அழுந்தி அவதிப்படுபவர்களுக்குத்தான். வெறும் கழுத்து வலிக்கு இல்லை. ஃபாஸெட் தேய்மானம் அதிகம் இருந்தால் இந்த டிஸ்க்கைத் தவிர்க்க வேண்டும் என்பது இந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த விதி. அதைப் பார்க்க ஒரு சிடி ஸ்கேனும், குனிந்தும் நிமிர்ந்தும் எடுக்கும் எக்ஸ்ரேயும் போதும். எனக்கு இரண்டுமே எடுக்கவில்லை. டிஸ்க்கை நான் குறை சொல்லவில்லை, என் விரல்களைத் திருப்பிக் கொடுத்தது அதுதான். எந்த வலி போகும், எந்த வலி போகாது என்று எனக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

மதுரை டாக்டர், வலி அங்கிருந்துதான் வருகிறதா என்று பார்க்க, அந்த மூட்டுகளுக்குப் போகும் சின்ன நரம்புகளுக்குப் பக்கத்தில் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டார். வீட்டுக்கு வந்து மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு பக்கெட் துணியையும் கொடியில் நானே காயப்போட்டேன். வலி இல்லை. நான்கு மணி நேரம். இருட்டியதும் திரும்ப வந்துவிட்டது. பிறகு அந்த நரம்புகளைச் சூடு கொடுத்து மரக்கச் செய்யும் சிகிச்சை நடந்தது. இப்போது வலி பாதிதான். நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் வரும், மறுபடி செய்ய வேண்டும்.

பழைய ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, "கன்சென்ட் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டிருக்கீங்களே" என்றார்கள். முந்தின நாள் ராத்திரி 10 மணிக்கு, எட்டுப் பக்கம் இங்கிலீஷில், நர்ஸ் கை காட்டிய இடத்தில் போட்ட கையெழுத்து. என்ன சிகிச்சை, என்ன பலன், என்ன ஆபத்து, வேறு வழி என்ன என்று விளக்கிய பிறகு வாங்குவதுதான் சம்மதம் என்று உச்ச நீதிமன்றம் 2008-இல் சமீரா கோலி வழக்கில் சொல்லியிருக்கிறது. மருத்துவ ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. எனக்கு 19 நாள் ஆனது, அதுவும் ரிஜிஸ்டர் தபாலில் கடிதம் அனுப்பிய பிறகுதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு வருடம்தான் கெடு, அதனால் தள்ளிப்போடாதீர்கள்.

சயின்ஸ் டீச்சரின் ஃபைலை ஸ்டாஃப் ரூமில் வைத்துப் பார்த்தோம். அவருக்கும் கழுத்து வலிதான் பிரதானம், கையில் ஒன்றுமில்லை. அவருக்கும் சிடி எடுக்கவில்லை. ரிப்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தை அவர் அதுவரை திருப்பியே பார்க்கவில்லை. தேதியை ரத்து செய்துவிட்டு, வேறு ஒருவரிடம் காட்டப் போகிறார். நீங்களும் உங்கள் ஃபைலை இன்றைக்கே எடுத்து அந்த இரண்டாம் பக்கத்தைப் படியுங்கள். ஃபாஸெட் என்ற வார்த்தை இருந்தால், அதை டாக்டர் முன்னால் வைத்து, "என் வலி இதிலிருந்து வருதா, டிஸ்க்கிலிருந்து வருதா?" என்று கேளுங்கள். பதில் வரும் வரை கையெழுத்துப் போடாதீர்கள்.