தோட்டத்துப் பெண்களின் உடல்நலத் தகவல்: கைப்பேசியில் வரும் நான்கு வழிகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும், தோட்டங்களை விட்டு வந்தவர்கள் குடியேறிய தாமான் எனும் குடியிருப்புப் பகுதிகளிலும் வாழும் தமிழ்ப் பெண்களுக்கு உடல்நலத் தகவல் இன்று இணையத்தின் வழியாக நான்கு திசைகளிலிருந்து வருகிறது. சுகாதார அமைச்சின் மைஹெல்த் இணையத்தளமும் மைசெஜாத்ரா செயலியும் ஒன்று. தமிழ்நாட்டு மருத்துவர்களின் யூடியூப் காணொளிகள் இன்னொன்று. கட்டணம் பெறும் தனியார் இணைய மருத்துவர் சேவைகள் மூன்றாவது. உள்ளூரிலேயே நடத்தக்கூடிய வாட்ஸ்அப் சேவை நான்காவது. இவற்றை ஒப்பிட, சொல்லப்படுவது சரியா தவறா என்ற ஒரே அளவுகோல் போதாது. தாயும் மகளும் பள்ளிப் பிள்ளையும் ஒரே கைப்பேசியை மாறி மாறி எடுக்கும் வீட்டில், ஒரு பெண் வெள்ளைப்படுதலைப் பற்றியோ குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றியோ மற்றவர் அறியாமல் கேட்க முடிகிறதா? கிடைக்கும் பதில் அவளை இந்த ஊர் அரசாங்க கிளினிக்கின் பதிவு முகப்பு வரை கொண்டு சேர்க்கிறதா? இந்த இரண்டு கேள்விகளையே நான் முதன்மையாக வைக்கிறேன்.

நம்பகத்தன்மையில் அமைச்சின் சேவைகளுக்கு ஈடில்லை. மருத்துவத் துறையினர் எழுதிய விளக்கங்கள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மைசெஜாத்ரா வழியாக அரசாங்க கிளினிக்கில் சந்திப்பு நேரத்தையும் பதிவு செய்யலாம். 2019இல் தொடங்கிய பெக்கா பி40 திட்டத்திற்குத் தகுதி உண்டா என்பதை அடையாள அட்டை எண்ணைக் கொண்டு அதன் இணையத்தளத்திலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதை எட்டியவர்களுக்கு இலவச உடல்நலப் பரிசோதனையும், புற்றுநோய் சிகிச்சையை முழுமையாக முடிப்பவர்களுக்கு 1,000 ரிங்கிட் வரை ஊக்கத்தொகையும் அத்திட்டத்தில் அடங்கும். ஆயினும் இந்த விளக்கங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இளைய பெண்களுக்கு அது தடையன்று. தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போன ஐம்பது வயது அம்மாவோ மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் இரத்தப்போக்கைப் பற்றிய மருத்துவ மலாயை மகனிடமோ மருமகளிடமோ கொடுத்துத்தான் படிக்கச் சொல்ல வேண்டும். அந்தத் தகவல் மிகச் சரியானதுதான். ஆனால் அதைப் பெறுவதற்கு அவர் முதலில் தம் அந்தரங்கத்தை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பலர் அதற்குத் துணியாமல் இருந்துவிடுகிறார்கள்.

மொழி என்ற ஒன்றில் மட்டும் பார்த்தால் தமிழ்நாட்டுக் காணொளிகள் மற்ற மூன்றையும் விஞ்சி நிற்கின்றன. எழுத்தறிவு தேவையில்லை, சமைத்துக்கொண்டே கேட்கலாம், நீர்க்கட்டி என்றால் என்ன, இரத்தசோகை உள்ளவர் இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு ஏன் விழுங்கக்கூடாது என்பவற்றை நல்ல மருத்துவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருகிறார்கள். சிக்கல், உடலைப் பற்றிய பேச்சு முடிந்து அடுத்து என்ன செய்வது என்ற பேச்சு வரும்போது தொடங்குகிறது. அவர்கள் 108ஐ அழைக்கச் சொல்கிறார்கள். இங்கே அழைக்க வேண்டிய எண் 999. அவர்கள் குறிப்பிடும் காப்பீட்டு அட்டையும் மகப்பேறு உதவித் திட்டமும் இங்கே இல்லை. இங்கே கர்ப்பிணிகளின் பதிவுப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என ஆபத்தின் அளவைக் காட்டும் நிறக்குறி இடப்படுகிறது. வெள்ளை என்றால் தாதியர் கவனிப்பே போதும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனைக்கு அனுப்பப்பட வேண்டும். தம் புத்தகத்தில் மஞ்சள் ஒட்டப்பட்டதைக் கண்டு கலங்கும் ஒரு தங்கைக்கு, அது மருத்துவ நிபுணரின் கவனிப்பு தேவைப்படுவதைக் காட்டும் குறி என்று சென்னையிலிருந்து பேசும் மருத்துவர் எப்படிச் சொல்வார்?

இன்னொரு கவலையும் உண்டு. கர்ப்பப்பை பற்றிய ஒரு காணொளியைப் பார்த்து முடிப்பதற்குள், கர்ப்பப்பையைச் சுத்தப்படுத்தும் பொடி, கட்டியைக் கரைக்கும் இலேகியம் என்று விற்பனைக் காணொளிகள் வரிசையில் வந்து நிற்கின்றன. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தின் உறையில் மால் (MAL) என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண் இருக்கும். அதைத் தேசிய மருந்துக் கட்டுப்பாட்டுப் பிரிவின் இணையத்தளத்தில் தட்டிப் பார்த்துச் சரிபார்க்கலாம். இதை அந்தக் காணொளிகள் சொல்லப்போவதில்லை. மேலும், பார்த்தவற்றின் பட்டியல் கைப்பேசியிலேயே தங்கிவிடுவதால், அடுத்து அதை எடுக்கும் பிள்ளையின் கண்முன் அதே தலைப்புகள் பரிந்துரையாக வந்து விழுகின்றன.

தனியார் இணைய மருத்துவர் சேவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இரவு நேரத்தில் பதிவு பெற்ற மருத்துவரிடம் தனியாகப் பேச முடிவது பெரிய வசதி. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாவிட்டாலும் இந்நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. ஆனால் கட்டணத்தை இணையம் வழி செலுத்த வேண்டும். தமிழ் பேசும் மருத்துவர் கிடைப்பது உறுதியில்லை. மார்பகத்தில் தட்டுப்படும் கட்டியைத் திரை வழியாகத் தொட்டுப் பார்க்கவும் முடியாது. ஒரு ரிங்கிட்டுக்கு அரசாங்க கிளினிக்கில் மருத்துவரைப் பார்க்க முடிந்த குடும்பத்திற்கு இது அவசரத்துக்கு உதவும் துணையாகலாம். முதல் வழியாக முடியாது.

வாட்ஸ்அப் என்றதும் பலரும் குழு ஒன்றைத் தொடங்கிவிடுகிறார்கள். பெண்களின் உடல்நலத்திற்குக் குழு பொருந்தாது என்பது என் உறுதியான கருத்து. குழுவில் ஒருவரின் எண் மற்ற அனைவருக்கும் தெரியும். ஒரே தோட்டத்தில் எல்லாரும் அக்கா, அத்தை, சித்தி என்று உறவு கொண்டாடும் இடத்தில் அங்கே கேட்கப்படும் கேள்வி மறுநாள் கோயில் வாசலில் பேசப்படும். வாட்ஸ்அப் சேனலில் பின்தொடர்பவர்கள் ஒருவரை ஒருவர் அறிய முடியாது. ஆனால் அங்கே பதில் எழுதிக் கேட்கவும் முடியாது. ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் இவ்விரண்டையும்விடச் சிறந்தது. ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். அனுப்புபவரின் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போகும். பெறுபவர் எழுதும் மறுமொழி அனுப்பியவருக்கு மட்டுமே தெரியும். எழுதத் தயங்குபவர் குரல்பதிவில் கேட்கலாம், பதிலும் குரலில் தமிழிலேயே வரும். செய்திகள் 24 மணி நேரத்தில் தாமாக மறையும்படி அமைக்கலாம். 2023இல் வந்த உரையாடல் பூட்டு வசதியால் அந்த உரையாடலைத் தனியே பூட்டியும் வைக்கலாம். கைப்பேசியைப் பகிரும் வீட்டுக்கு இவ்வளவு பாதுகாப்பை மற்ற மூன்று வழிகளும் தருவதில்லை.

ஆனால் பதில் சொல்பவர் யார் என்பதிலேயே இச்சேவையின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கின்றன. வந்ததை அப்படியே தள்ளிவிடும் கைகளில் அது யூடியூப்பைவிட ஆபத்தானது. பணி ஓய்வு பெற்ற ஒரு தாதியோ கிளினிக்கில் பணிபுரிந்த மருத்துவ உதவியாளரோ பொறுப்பேற்று, அமைச்சின் விளக்கங்களை மட்டுமே மூலமாகக் கொண்டு, மருந்தின் பெயரையோ அளவையோ சொல்லாமல், எந்த நாளில் எந்த கிளினிக்குக்கு என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று சொல்வாரானால், முதலாவது வழியின் நம்பகமும் இரண்டாவது வழியின் மொழியும் ஓரிடத்தில் சேரும். 2019ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருப்பது தெரியவந்தது. இந்தியர்களிடையே அது மேலும் அதிகம். ஆகவே கர்ப்ப காலத்தில் சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் செய்யும் இரத்தப் பரிசோதனை ஏன், அதற்கு முன் ஏன் சாப்பிடக்கூடாது என்பதே அங்கே முதலில் அனுப்பப்பட வேண்டிய குரல்பதிவாகும். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி கிருமிக்கான பரிசோதனையில் பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம் என்பது அடுத்தது. மலாயாப் பல்கலைக்கழகம் 2018இல் தொடங்கிய ரோஸ் திட்டம் அப்படி எடுத்த மாதிரியின் முடிவைக் கைப்பேசிக்கே அனுப்புவதை நடத்திக் காட்டியது. பிறர் முன் உடலைக் காட்டக் கூசி ஆண்டுக்கணக்காகப் பரிசோதனையைத் தள்ளிப்போடும் பெண்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்பதை நாம் உரக்கச் சொல்ல வேண்டும்.

உள்ளூர்ச் சேவையால் மட்டுமே பதில் சொல்லக்கூடிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. செம்பனைத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலையில் பெண்கள் இருக்கிறார்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 சனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டாலும் வேறு களைக்கொல்லிகள் புழக்கத்தில் உள்ளன. கர்ப்பம் தெரிந்தவுடன் அந்த வேலையிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்பதையும், வேறு வேலை தரும்படி நிர்வாகத்திடம் கேட்க கிளினிக் மருத்துவரிடம் கடிதம் வாங்குவது எப்படி என்பதையும் நகரத்துப் பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்ட எந்தப் பக்கத்திலும் நான் காணவில்லை.

இச்சேவை எந்நேரமும் விழித்திருக்காது. ஆகவே அதன் முதல் செய்தியே எல்லையைத் தெளிவாக வகுக்க வேண்டும். கர்ப்பிணிக்கு இரத்தப்போக்கு, கடும் தலைவலியோடு பார்வை மங்கல், வலிப்பு, குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் வாட்ஸ்அப் பதிலுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். வண்டி இல்லையென்றால் 999ஐ அழைக்க வேண்டும்.