அமெரிக்காவுல லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளிக்காரங்க) ஓட்டு பத்தி தெரிஞ்சுக்க பிபிஎஸ் நியூஸ்ஹவரா, யூனிவிஷனா?

பிபிஎஸ் அமெரிக்காவோட பொது டிவி, அதோட செய்தி நிகழ்ச்சியான நியூஸ்ஹவர்ல யாரும் கத்த மாட்டாங்க, மியாமி கியூபாக்காரங்களும் டெக்சாஸ் மெக்சிகன் குடும்பங்களும் குடியேற்றத்தை ஏன் வேற வேற மாதிரி பாக்கறாங்கன்னு பொறுமையா சொல்லுவாங்க, ஆனா பாதி நேரம் நிபுணருங்கதான் பேசறாங்க (தூக்கம் வரும், உண்மை).

யூனிவிஷன் ஸ்பானிஷ் சேனல், பொது டிவி இல்ல, விளம்பரம் ஜாஸ்தி. ஆனா 2024 அக்டோபர்ல ட்ரம்ப் வந்த டவுன்ஹால் (மக்களே நேரா கேள்வி கேக்கற கூட்டம்) பாருங்க, ஸ்ட்ராபெர்ரி பறிச்சு ப்ரோக்கோலி வெட்டின ஒருத்தர் எந்திரிச்சு, ஆவணம் இல்லாத தொழிலாளிங்கள எல்லாம் நாடு கடத்திட்டா இந்த வேலைய யார் செய்வா, சாப்பாடு என்ன விலைக்கு விக்கும்னு நேராவே கேட்டுட்டாரு. ட்ரம்ப் பதில் எங்கெங்கயோ போச்சு, அது வேற கதை. எதிர்த்து நின்ன கமலா ஹாரிஸுக்கும் அதே மாசம் லாஸ் வேகஸ்ல தனியா ஒண்ணு நடத்துனாங்க. ஒபாமாவையும் 2012ல, குடியேற்றச் சீர்திருத்த வாக்குறுதி என்னாச்சுன்னு அப்போ யூனிவிஷன் செய்தியாளரா இருந்த ஹோர்ஹே ராமோஸ் விடாம கேட்டாரு.

பின்னணி புரியணும்னா பிபிஎஸ், ஆளுங்க மனசு தெரியணும்னா யூனிவிஷன்தான், ஸ்பானிஷ் தெரியாட்டி சப்டைட்டில் போட்டுக்கோங்க.