இயந்திர வால்வா, திசு வால்வா? வன்னியில் இருப்பவருக்கு என் பதில்

மூட்டுவாதக் காய்ச்சல் கெடுத்துவிட்ட இதய வால்வை மாற்றத்தான் வேண்டும் என்று வைத்தியர் சொன்னதும், கார்பனால் ஆன இயந்திர வால்வா, விலங்குத் திசுவில் செய்த திசு வால்வா என்ற கேள்வி வந்துவிடும். சத்திரசிகிச்சை நடப்பது கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ. அதற்குப் பிறகு அந்த வால்வோடு இலங்கையின் வடக்கே வன்னியில், ஒட்டுசுட்டானிலும் துணுக்காயிலும் வாழப்போகிறவர் நோயாளி. அந்த வாழ்க்கையை வைத்துப் பார்த்தால், ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு என் சாய்வு திசு வால்வின் பக்கம். முப்பது வயதுக்காரருக்கு அதே பதிலை அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

அதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: வால்வை மாற்றாமலே சமாளிக்க முடியாதா? இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கியது மட்டும் என்றால், தொடை நாளம் வழியாகப் பலூன் கொண்டுபோய் விரிக்கலாம். ஜப்பானியச் சத்திரசிகிச்சை நிபுணர் கஞ்சி இனோவே 1980களில் கொண்டுவந்த முறை அது. நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. வால்வின் தடிப்பு, சுண்ணாம்புப் படிவு, அசைவு, அதன் கீழுள்ள நாண்களின் நிலை ஆகிய நான்குக்கும் எக்கோ என்ற இதய ஸ்கேனில் புள்ளி போடுவார்கள். கூட்டுத்தொகை 8 அல்லது அதற்குக் குறைவென்றால் பலூன் நன்றாக வேலைசெய்யும். இரத்தம் கடுமையாகப் பின்னொழுகினாலோ, இடது மேலறையில் குருதிக்கட்டி இருந்தாலோ பலூனுக்கு இடமில்லை.

இனி மாற்றுவது என்றே வைத்துக்கொள்வோம். இயந்திர வால்வு பெரும்பாலும் கார்பனால் ஆனது. தேயாது, பல பத்தாண்டுகள் உழைக்கும். திசு வால்வு மாட்டின் இதய உறையிலோ பன்றியின் வால்விலோ செய்யப்படுவது. பொதுவாகப் 10 முதல் 15 ஆண்டுகள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முடிவைத் தீர்மானிப்பது, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் குளிசையும், இரத்தம் எவ்வளவு தாமதமாக உறைகிறது என்று அளக்கும் ஐ.என்.ஆர் பரிசோதனையும்.

இயந்திர வால்வு வைத்தவர் சாகும்வரை வார்ஃபரின் எடுக்கவேண்டும். இரு மடல் கொண்ட வால்வு, இதயத்திலிருந்து பெருநாடி கிளம்பும் அயோட்டா இடத்தில் இருந்தால் ஐ.என்.ஆர் 2.5 அளவிலும், மைட்ரல் இடத்தில் 3 அளவிலும் நிற்கவேண்டும். குறைந்தால் வால்வில் குருதிக்கட்டி பிடிக்கும், பாரிசவாதம் வரலாம். கூடினால் மூளைக்குள்ளோ குடலிலோ இரத்தம் கசியும். பரிசோதனை தேவைப்படாத புதிய மாத்திரைகளுக்கு மாறலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இயந்திர வால்வுக்கு அது ஆகாது. அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை வைத்துச் செய்த ஆய்வை, குருதிக்கட்டியும் கசிவும் கூடியதால், இடையிலேயே நிறுத்தினார்கள். 2013இல் முடிவு வெளியானது. பின்னர் இன்னொரு புதிய மாத்திரையான அபிக்சாபானிலும் ஆய்வு பாதியில் நின்றது.

அளவு நிலைப்பட்ட பிறகும் குறைந்தது மாதம் ஒருமுறையாவது இரத்தம் பார்ப்பது நல்லது. விதைப்பும் அறுவடையும் இருக்கும் வீட்டில், ஒரு நாள் கூலியை விட்டு, பஸ் ஏறி, காலையில் இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருக்கும் வேலை அது. இரண்டு மாதம் தவறினால் மூன்றாம் மாதம் தானாகத் தவறும்.

இரத்தம் எடுக்கும் இடத்திலும் பிழை வரும். நீல மூடிக் குழாயில், இரத்தத்தை உறையவிடாமல் வைக்கும் சிட்ரேட் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேண்டும். கோடு வரை நிரப்பாவிட்டால் சிட்ரேட் மிஞ்சி, ஐ.என்.ஆர் உண்மையைவிடக் கூடக் காட்டும். அதை நம்பிக் குளிசையைக் குறைத்தால் வால்வு அடைக்கும். குழாய் கோடு வரை நிரம்பியதா என்று நோயாளியே எட்டிப் பார்க்கலாம், அதில் தவறில்லை.

மருந்தை மாற்றினால் அதன் முழுப் பலன் தெரிய ஐந்தாறு நாளாகும். ஆகவே இன்று கூட்டி நாளை சோதிப்பதில் பயனில்லை. ஒருவேளை மறந்தால் அன்றைக்குள் நினைவு வரும்போது எடுங்கள். மறுநாள் இரட்டிப்பாக எடுக்கவேண்டாம். குளிசையை நிறத்தை வைத்து அடையாளம் காணாதீர்கள், கொம்பனி மாறினால் நிறமும் மாறலாம். 1, 3, 5 என்ற மில்லிகிராம் எண்ணைப் பார்த்து கிளினிக் கொப்பியில் எழுதிவையுங்கள்.

முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி எல்லாவற்றிலும் வார்ஃபரினின் பலனைக் குறைக்கும் வைட்டமின் கே உண்டு. கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வது பிழை. கிழமைக்குக் கிழமை அளவு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் போதும். வயிற்றோட்டத்துக்குப் பாமசியில் வாங்கும் மெட்ரோனிடசோல் ஐ.என்.ஆரை ஏற்றிவிடும், கோ-ட்ரைமொக்சசோலும் அப்படியே. மூட்டு நோவுக்கு டைக்குளோபெனக் போட்டால் குடலில் கசியும். பரசிற்றமோல் அளவோடு எடுக்கலாம். பரியாரியின் கசாயம் குடிப்பதானால் கிளினிக்கில் சொல்லிவிட்டு, ஒரு கிழமையில் இரத்தம் பாருங்கள்.

வயலில் இறங்குபவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்கவேண்டும். கண்ணாடி விரியன் கடித்தால் இரத்தம் உறையாமல் போகும். விஷம் ஏறியதா என்று அறிய இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் 20 நிமிடம் வைத்துப் பார்ப்பார்கள். வார்ஃபரின் எடுப்பதை முதலிலேயே சொல்லாவிட்டால் உறைதல் சோதனைகளின் முடிவு வைத்தியரைக் குழப்பும். டெங்குவில் தட்டணுக்கள் இறங்கும்போதும் வார்ஃபரின் எடுப்பதைச் சொல்லுங்கள், இரத்தம் கசியும் ஆபத்து கூடும்.

திசு வால்வு வைத்தவருக்கு இந்தப் பாரம் மிகக் குறைவு. வேறு காரணம் இல்லையென்றால் தொடக்கத்தில் மூன்று முதல் ஆறு மாதம் வார்ஃபரின், பிறகு அஸ்பிரின். இதயத்துடிப்பு தாறுமாறாக இருந்தால்? அங்கும் வழி திறந்திருக்கிறது. மைட்ரல் திசு வால்வும் அந்தத் துடிப்பும் சேர்ந்த 1,005 பேரைப் பிரேசிலில் ஆராய்ந்தார்கள். அந்தப் புதிய மாத்திரைகளில் ஒன்றான ரிவரொக்சபான் வார்ஃபரினுக்குக் குறைந்ததல்ல என்று 2020இல் தெரியவந்தது. வால்வு மாற்றாமல் சுருங்கிய நிலையிலேயே இருப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு வார்ஃபரினே நல்லது என்று 2022இல் வந்த ஆய்வு காட்டியது.

திசு வால்வின் குறை பெரியதுதான். வயது குறையக் குறைய அது விரைவாகச் சுண்ணாம்பேறும், மைட்ரல் இடத்தில் இன்னும் விரைவு. முப்பதில் வைத்தால் மறுமுறை நெஞ்சைத் திறப்பது அநேகமாக நிச்சயம். பழைய வால்வுக்குள்ளேயே குழாய் வழியாகப் புதியதைச் செருகும் முறை இப்போது உண்டு. 2002இல் பிரான்சின் ரூவான் நகரில் அலன் கிரிபியே முதன்முதலில் அயோட்டா வால்வைக் குழாய் வழியாக மனிதரில் பொருத்தியதன் தொடர்ச்சி அது. ஆனால் விலை பல மில்லியன் ரூபா. மைட்ரல் இடத்தில் நீண்டகால அனுபவமும் அயோட்டாவைவிடக் குறைவு. பிறகு குழாய் வழியாகப் போட்டுக்கொள்ளலாம் என்று எண்ணி இன்றைக்கு முடிவெடுக்க வேண்டாம். பின்னாளில் செருகுவதற்கு இடம் வேண்டுமென்றால் முதல் வால்வே போதிய அளவில் பெரிதாக இருக்கவேண்டும். அந்த அளவைச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

2020இல் வந்த அமெரிக்க வழிகாட்டி மைட்ரல் வால்வுக்கு 65 வயது வரை இயந்திரத்தின் பக்கமே சாய்கிறது. அதே வழிகாட்டிதான், குருதி உறைதலைத் தடுக்கும் மருந்தை ஒழுங்காகக் கண்காணிக்க முடியாதவருக்கு எந்த வயதிலும் திசு வால்வு என்றும் சொல்கிறது. வன்னியின் தூரத்தை நான் அந்த இரண்டாவது வரியில் வைத்தே வாசிக்கிறேன். கிளிநொச்சி நகரிலோ வவுனியாவிலோ வைத்தியசாலைக்கு அருகில் இருக்கும் நாற்பது வயதுக்காரர், மாதம் தவறாமல் போகக்கூடியவர் என்றால், இயந்திர வால்வு எடுப்பதே சரி.

பிள்ளை பெற விரும்பும் பெண்ணுக்குத் திசு வால்வுதான் பொருத்தம், பின்னர் மறுசத்திரசிகிச்சை வரும் என்று தெரிந்தும்கூட. கர்ப்பத்தின் 6ஆம் கிழமை முதல் 12ஆம் கிழமை வரை வார்ஃபரின் கருவைப் பாதிக்கும். ஊசியாகப் போடும் ஹெப்பரினுக்கு மாற்றினால் தாயின் இயந்திர வால்வில் குருதிக்கட்டி பிடிக்கும் ஆபத்து ஏறும்.

எந்த வால்வு என்றாலும், அதில் கிருமி தொற்றாமலிருக்க, பல் பிடுங்குமுன் அமொக்சிசிலின் 2 கிராம், 30 முதல் 60 நிமிடம் முன்னதாக. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு வேறு மருந்து. மூட்டுவாதக் காய்ச்சல் திரும்ப வராமலிருக்க மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசியை, வால்வு மாற்றியதும் சிலர் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தக்கூடாது. புதிய வால்வுக்கு மூட்டுவாதக் காய்ச்சல் வராது, மற்ற வால்வுகளுக்கு வரும். வார்ஃபரின் எடுப்பவருக்கு அது தசைக்குள் போடும் ஊசி என்பதால், ஐ.என்.ஆர் கூடியிருந்தால் பிட்டத்தில் இரத்தம் கட்டும். ஆகவே ஊசிக்குப் போகும்போது தாதியிடம் கிளினிக் கொப்பியை முதலில் காட்டுங்கள்.