தையல் கச்சிதம், ‘சாரி’ மட்டும் தொளதொள

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். ஒன்றைத் தாமதத்துக்கும் இன்னொன்றை அவர்கள் சொல்லும் ‘சாரி’க்கும் குறைத்திருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம், மார்க்கெட் தெரு மாடியில் பிளவுஸ் தைக்கும் கடை என்றால் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புரியும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அளவு பிளவுஸ் கொடுத்தாலும் அதை அப்படியே நம்பாமல் டேப் வைத்து அளக்கிறார்கள், லைனிங் துணியை நனைத்துக் காயவைத்த பிறகுதான் வெட்டுகிறார்கள் (இதைச் செய்யாத கடையில் தைத்தால் முதல் துவையலிலேயே உள்துணி சுருங்கிவிடும்), நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்துக்கொள்ள உள்ளே துணியும் விட்டிருக்கிறார்கள். கூலி 700 ரூபாய். பால்ஸ் (புடவையின் அடி ஓரத்தில் உள்பக்கம் தைக்கும் பட்டை), பிகோ (புடவை ஓரம் பிரியாமல் அடிக்கும் தையல்) தனி.

ஆனால் செவ்வாய்க்கிழமை தருகிறேன் என்றது வெள்ளிக்கிழமைதான் வந்தது, அதற்குள் 11 சாரி வாங்கிவிட்டேன். நான் பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவள், எண்ணாமல் இருக்க முடியவில்லை.

போனில் முதல் சாரி கேள்வியாக வந்தது, காதில் விழவில்லை, திரும்பச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கூட்டத்தில் கத்தரிக்கோலோடு ஒரு பெண் ‘சாரி சாரி’ என்று நுழைந்தாள், அது ‘கொஞ்சம் வழி விடுங்க’. புடவை முந்தானைக்குக் குச்சு கட்டித் தருவீர்களா என்றதற்கு ‘சாரி மேடம்’, அது ‘மாட்டோம்’. மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், சீக்கிரம் கொடுங்கள் என்றபோதும் ‘அச்சோ, சாரி மேடம்’. அது அனுதாபம். பால்ஸ் அடிக்க வெளியே கொடுத்திருந்ததால் ‘சாரி மேடம், சாரி இன்னும் வரல’ என்றும் ஒன்று. அதில் எது புடவை, எது வருத்தம் என்று புரிய எனக்கே ஒரு நொடி ஆனது.

எல்லாமே சரியான ஆங்கிலம்தான், அதில் குறையில்லை. வகுப்பில் வருடா வருடம் யாராவது கேட்பார்கள், “அவங்க தாத்தா செத்ததுக்கு நான் ஏன் மிஸ் சாரி சொல்லணும்?” என்று. வலி, காயம் என்று பொருள்பட்ட ‘ஸார்’ என்னும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்தது அது, புண், வலி என்று பொருள்படும் இன்றைய ‘ஸோர்’ (sore) அதன் உடன்பிறப்பு (துக்கத்தைக் குறிக்கும் ‘ஸாரோ’ கேட்க ஒன்றுபோல் இருந்தாலும் வேறு வேர்). ஆக, எனக்கு மனசு நோகிறது என்பதுதான் ஆதி அர்த்தம். நம் ‘மன்னியுங்கள்’ எதிராளியிடம் ஒன்றைக் கேட்கிறது, சாரி எதையும் கேட்பதில்லை. அதற்குப் பக்கத்தில் நிற்பது ‘வருந்துகிறேன்’. தூர்தர்ஷனில் படம் போய்விட்டால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று அட்டை போடுவார்களே, யார் தப்பு என்று அதில் இருக்காது. கனடாவில் ஒன்டாரியோ மாகாணம் 2009-இல் ஒரு சட்டமே போட்டது, ஒருவர் சாரி சொன்னதை வைத்து உரிமையியல் வழக்கில் ‘தப்பை ஒத்துக்கொண்டார்’ என்று சாதிக்க முடியாது. அங்கே அது அவ்வளவு சகஜமான வார்த்தை.

எனக்கு எரிச்சல் வந்தது கடைசிச் சாரிகளில். ‘சாரி மேடம், கரண்ட் இல்ல’, ‘சாரி மேடம், ஆனா நீங்களும் லேட்டாத்தானே துணி கொடுத்தீங்க?’ நான் கொடுத்த தேதி அவர்கள் பில்லிலேயே இருக்கிறது! சாரிக்குப் பின்னால் ‘ஆனா’ வந்தால் முன்னால் சொன்னது வாபஸ் என்று என் பிள்ளைகளுக்குச் சொல்வேன்.

வெள்ளிக்கிழமை போட்டுப் பார்த்தால் இடது கை இறுக்கம், தூக்க முடியவில்லை. கவுன்ட்டரில் அந்தப் பெண் ‘சாரி’ என்று ஆரம்பிப்பதற்குள் உள்ளேயிருந்து வயதான மாஸ்டர் வந்து பிளவுஸை வாங்கி விரித்துப் பார்த்து, ‘ச்ச’ என்று ஒருமுறை நாக்கைத் தட்டிவிட்டு அங்கேயே கையைப் பிரித்தார். இருபது நிமிடம். “போட்டுப் பாத்துட்டுப் போங்கம்மா, சரியில்லன்னா இன்னொரு தடவ பிரிக்கிறேன்” என்றார். பால்ஸுக்குக் காசு நீட்டினேன், வாங்கவில்லை. மூன்று நட்சத்திரமும் அவருக்குத்தான்.

போகிறவர்கள் விசேஷத்துக்கு நான்கு நாள் முந்திய தேதியைச் சொல்லுங்கள், புடவையைக் கையோடு எடுத்துப் போங்கள், மாஸ்டரிடமே அளவு கொடுங்கள். காலை 11 மணிக்குள் போனால் அவர் இருப்பார்.