மாலத்தீவா, செங்கடலா? பெரிய விலங்குகளுக்காக லைவ்போர்டு தேர்ந்தெடுக்கும்போது

புதுச்சேரியிலோ அந்தமானிலோ டைவிங் கற்றுக்கொண்டு, அட்வான்ஸ்டு சான்றிதழும் வாங்கியாகிவிட்டது என்றால் அடுத்து வரும் ஆசை பெரும்பாலும் இதுதான்: சுறாக்கூட்டம், மாண்டா திருக்கை, திமிங்கிலச் சுறா, இவற்றை எல்லாம் அவை வாழும் இடத்திலேயே பார்க்க வேண்டும். கரையிலிருந்து தினமும் போய்வரும் தூரத்தில் இவை எப்போதும் கிடைப்பதில்லை. அதனால்தான் லைவ்போர்டு. ஒரு வாரம் படகிலேயே சாப்பாடு, தூக்கம், நாளுக்கு மூன்று நான்கு டைவ்.

சரி, எங்கே போவது? எகிப்தின் செங்கடல், தாய்லாந்தின் சிமிலன், மாலத்தீவு மூன்றிலும் படகில் தங்கி டைவ் செய்திருக்கிறேன். நம் பக்கத்திலிருந்து கிளம்புகிறவர்களுக்கு என் ஓட்டு மாலத்தீவுக்கு. செங்கடலுக்குத்தான் போவேன் என்று யாராவது உறுதியாகச் சொன்னால் அதையும் தடுக்க மாட்டேன். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். கொழும்பிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் மாலே ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு அங்கே இறங்கியதும் இலவச விசா. எகிப்துக்கு விமானம் மாற வேண்டும், விசா வேலையும் உண்டு. படகுக் கட்டணம் இரண்டிலும் படகின் தரத்தைப் பொறுத்து ஏறி இறங்கும். விளம்பரத்தில் போடும் தொகையோடு நைட்ராக்ஸ் (ஆக்ஸிஜன் அளவு கூட்டிய காற்று), வாடகைக் கருவிகள், எரிபொருள் கூடுதல் கட்டணம், அரசு வரி, பணியாளர்களுக்கான டிப்ஸ் எல்லாம் சேரும். முழுத் தொகையையும் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு ஒப்பிடுங்கள்.

இனி முக்கியமான விஷயம். மாலத்தீவில் என்ன பார்க்கப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்வது நீங்கள் போகும் மாதமும், அந்த மாதத்தில் படகு அட்டோலின் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதும்தான். படகின் நட்சத்திரத் தகுதி, மேல்தளத்து ஜக்குஸி எல்லாம் அதற்கு அப்புறம்.

மாலத்தீவு என்பது 26 இயற்கை அட்டோல்களின் சங்கிலி. ஒவ்வோர் அட்டோலும் பவளப்பாறை வளையம். வளையத்தில் ஆங்காங்கே இடைவெளிகள் உண்டு, அந்தக் கால்வாய்களை அங்கே 'கந்து' என்கிறார்கள். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் நீரோட்டம் மொத்தமாகக் கிழக்கிலிருந்து மேற்கே போகிறது. கிழக்குப் பக்கக் கால்வாய்களுக்குள் பெருங்கடலின் தெளிந்த நீர் நுழைகிறது. அந்த வாசலில், நீரோட்டத்தை எதிர்கொண்டு கிரே ரீஃப் சுறாக்கள் நிற்கும். அதே நீர் உள்ளே காயலைக் கடந்து, மிதவை உயிரிகளை அள்ளிக்கொண்டு, கலங்கலாக மேற்குப் பக்கம் வெளியேறும். மாண்டாக்களுக்கு அதுதான் சாப்பாடு, ஆகவே அவை மேற்கே இருக்கும். மே முதல் நவம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் இது அப்படியே திரும்பிவிடுகிறது. மாண்டாக்கள் கிழக்குப் பக்கம் வந்துவிடும். வடக்கு மாலே அட்டோலின் கிழக்கு விளிம்பில் இருக்கும் லங்கன் மாண்டா பாயின்ட் இந்தக் காலத்தில்தான் களைகட்டும். பா அட்டோலின் ஹனிஃபாரு வளைகுடாவில் நூற்றுக்கணக்கில் மாண்டாக்கள் கூடுவதும் இந்தப் பருவத்தில்தான், அதுவும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நல்ல வாய்ப்பு. ஆனால் ஹனிஃபாருவில் ஸ்கூபாவுக்கு அனுமதி இல்லை, ஸ்நார்கல் மட்டுமே. இதைத் தெரிந்துகொள்ளாமல் 'ஹனிஃபாரு டைவ்' என்று எதிர்பார்த்துப் போய் ஏமாறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இது புரிந்துவிட்டால் படகு நடத்துபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதும் புரிந்துவிடும். "நான் வரும் வாரத்தில் எந்தெந்தக் கால்வாய்கள், எந்த மாண்டா பாயின்ட்?" என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். பிப்ரவரி என்றால் வாவு அட்டோலின் கிழக்குக் கால்வாய்கள் பட்டியலில் இருக்க வேண்டும், மாண்டாவுக்கு ஆரி அட்டோலின் மேற்குப் பக்கம் இருக்க வேண்டும். ஆகஸ்டுக்கும் பிப்ரவரிக்கும் ஒரே வழித்தட வரைபடத்தை அனுப்புகிறார் என்றால் காரணம் கேளுங்கள். நல்ல கைடு ஒருவர் இருந்தால் அதற்குத் தெளிவான பதில் வரும்: "வழித்தடம் ஒன்றுதான், ஆனால் தங்கும் பக்கத்தை மாற்றிக்கொள்வோம்." அந்தப் பதில் வராத படகுக்கு நான் முன்பணம் கட்ட மாட்டேன். காற்று மாறும் ஏப்ரல், நவம்பர் மாதங்களில் எதையும் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் கட்டணம் குறைவாகக் கிடைப்பதற்கும் அதுவே ஒரு காரணம்.

பருவக்காற்று இப்படி என்றால், நாளுக்குள்ளேயே ஏற்ற இறக்க ஓதங்கள் நீரோட்டத்தை மாற்றிவிடும். அதனால் ஒவ்வொரு டைவுக்கு முன்னும் கைடு தோணியிலிருந்து மாஸ்க்கோடு குதித்து நீரோட்டத்தைப் பார்த்துவிட்டு வருவார். மாலத்தீவு லைவ்போர்டின் பெரிய வசதி இந்தத் தோணிதான். டேங்குகளும் கம்ப்ரெஸரும் தனித் தோணியில் இருக்கும், தங்கும் படகில் சத்தமோ ஈரமோ இல்லை. கைடு கைகாட்டியதும் எல்லோரும் ஒன்றாகக் குதிக்க வேண்டும். மிதப்பைக் கட்டுப்படுத்தும் காற்றுச் சட்டையான பி.சி.டி.யில் காற்றே வைக்காமல் நேராகக் கீழே போக வேண்டும். மேலே நின்று மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டிருந்தால் கால்வாய் வாசலைத் தாண்டி நீரோட்டம் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும், அந்த டைவ் அதோடு போயிற்று. சுமார் 25, 28 மீட்டரில் வாசலின் விளிம்பு. செத்த பாறையாகப் பார்த்து, கயிறு கட்டிய கொக்கியான ரீஃப் ஹூக்கை மாட்டி, கயிறு இழுபட்டதும் பி.சி.டி.யில் கொஞ்சம் காற்று விட்டால் உடம்பு பாறையிலிருந்து எழும்பி நிற்கும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் மாஸ்க் நடுங்கும், அவ்வளவு வேகம். எதிரே சுறாக்கள் வாலை அசைப்பதே தெரியாமல் அதே இடத்தில் நிற்கின்றன. நாம் மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் அந்த நீரோட்டத்தில் அவை ஓய்வெடுக்கின்றன. மேலேறும்போது கட்டாயமாக நின்று நின்று வர வேண்டிய நிலை வராமல் கீழே எவ்வளவு நேரம் இருக்கலாம்? டைவ் அட்டவணைக் கணக்குப்படி 30 மீட்டரில் சாதாரணக் காற்றோடு சுமார் 20 நிமிடம், 32 சதவீத நைட்ராக்ஸ் என்றால் சுமார் 30 நிமிடம். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே நைட்ராக்ஸ் படிப்பை முடித்துவிட்டுப் போங்கள். மாலத்தீவில் பொழுதுபோக்கு டைவிங்குக்கு 30 மீட்டர்தான் சட்ட வரம்பு, அந்த நேரத்தைத் தாண்டும் டெகோ டைவுக்கு அனுமதி இல்லை. கைடுகள் இதில் கறாராக இருப்பதை நான் வரவேற்கிறேன்.

இவ்வளவு சுறாக்கள் அங்கே மிச்சமிருப்பதற்கு ஒரு சட்டம் பெரிய காரணம். 2010-இல் மாலத்தீவு தன் கடல் முழுவதும் சுறா பிடிப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்பே, 2009-இல், தெற்கு ஆரி அட்டோலின் ஒரு பகுதியைக் கடல் பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள். அங்கே திமிங்கிலச் சுறாக்கள் ஆண்டு முழுவதும் தென்படுகின்றன. தென்படும் என்றால் தேட வேண்டும். படகின் மேல்தளத்தில் ஏறி எல்லோருமாகக் கடலையே பார்த்துக்கொண்டு போவதுதான் வழி. பார்த்ததும் பத்துப் படகுகள் ஒரே இடத்தில் கூடுவதும் உண்டு, அது எனக்குப் பிடிக்காத காட்சி. குதிப்பதற்கு முன் இடைவெளி விதியை மனதில் வையுங்கள்: உடம்பிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர். கை நீட்டித் தொடுகிறவரைக் கண்டால் கைடிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இந்த வழித்தடத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வடக்கு ஆரியில் ஃபெஸ்து தீவின் காயலில் இரவில் படகின் பின்பக்கம் விளக்கைப் போடுவார்கள். வெளிச்சத்துக்கு மிதவை உயிரிகள் கூடும், அவற்றைத் தின்ன மாண்டாக்கள் வரும். மணலில் முட்டி போட்டு, டார்ச்சை மேல்நோக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். மாண்டா வாயைத் திறந்து, வெள்ளை வயிறு நம் தலைக்கு ஒரு முழ உயரத்தில் தெரியக் குட்டிக்கரணம் அடிக்கும். உள்ளே செவுள் பட்டைகளை எண்ணிவிடலாம் போலிருக்கும். முகத்துக்கு நேரே வந்தால் விலகத் தேவையில்லை, அது நம்மை உரசாமல் ஒதுங்கிப் போகத் தெரிந்த பிராணி. மாண்டா வராத இரவுகளும் உண்டு. அப்போதும் படகு ஒரு பகல் ஓடினால் இன்னொரு வாய்ப்புக்குப் போய்விடலாம். அட்டோல்களுக்குள்ளே அலை குறைவு என்பதால் படகு நகர்வதும் எளிது.

செங்கடலில் இந்த இரண்டாவது வாய்ப்பு குறைவு. பிரதர்ஸ், டேடலஸ், எல்ஃபின்ஸ்டோன் மூன்றையும் சேர்த்த வழித்தடம்தான் அங்கே பெரிய விலங்குகளுக்கு. முதல் இரண்டும் கரையிலிருந்து பல மணி நேரம் கடல்வழியே போக வேண்டிய தனிப் பாறைகள். வடகாற்று பலமாக வீசினால் கேப்டன் ஒன்றை விட்டுவிடுவார். ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை அங்கே வரும் ஓஷியானிக் ஒயிட்டிப் சுறாவுக்கு மாலத்தீவின் வழக்கமான வழித்தடத்தில் ஈடு கிடையாது. வட்டமான பெரிய துடுப்பு, முன்னால் கோடுபோட்ட பைலட் மீன்கள். மற்ற சுறாக்கள் போல ஒதுங்கிப் போகாது. கட்டியிருக்கும் படகுகளின் அடியிலேயே, மேல்மட்டத்தில், நேராக நம்மைப் பார்த்து வரும். குழுவாக, செங்குத்தாக நின்று, கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும், மேற்பரப்பில் காலை ஆட்டிக்கொண்டு மிதக்கக் கூடாது. இந்த ஒரு விலங்குதான் உங்கள் கனவு என்றால் செங்கடலுக்கே போங்கள். கோடையில் டேடலஸில் சுத்தித்தலைச் சுறாக்கள் வருகின்றன. நான் போனது இலையுதிர் காலம், அதனால் கோடை பற்றிப் பிறர் சொல்லக் கேட்டதுதான். பிக் பிரதரின் நுமிடியா, ஐடா கப்பல் சிதைவுகள் இரண்டும் தனி அழகு. இந்தக் கடல் பூங்காக்களுக்குக் குறைந்தது 50 டைவ் பதிவில் இருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம்.

சிமிலன் மூன்றில் மலிவு, புதியவர்களுக்கு இதம். மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை பூங்கா மூடியிருக்கும். ரிச்செலியு பாறையில் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை திமிங்கிலச் சுறா வரலாம், கோ போனில் மாண்டா வரலாம். இரண்டுமே 'லாம்'தான். பவளத்தையும் மீன்கூட்டத்தையும் ரசிக்கப் போய், பெரியது வந்தால் லாபம் என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஈக்வடாரின் காலபகோஸ் தீவுகள் நான் போகாத இடம். டார்வின், வுல்ஃப் தீவுகளுக்கு லைவ்போர்டில் மட்டுமே போக முடியும். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலச் சுறாக்களுக்கான காலம், அதுவே குளிர்ந்த நீரின் காலமும். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 ஆனது, படகுக் கட்டணத்தோடு பார்த்தால் அது சின்னத் தொகைதான். மாலத்தீவுக் கால்வாய்களில் நிதானமாக ஹூக் மாட்டத் தெரிந்த பிறகு அங்கே போவதுதான் சரி என்று நினைக்கிறேன்.

உங்களுக்குப் புலிச் சுறா மட்டும் வேண்டுமா? லைவ்போர்டே வேண்டாம். மாலத்தீவின் தெற்கே ஃபுவாமுலா தீவில் விருந்தினர் விடுதியில் தங்கினால் துறைமுகத்துக்கு வெளியிலேயே ஆண்டு முழுவதும் பார்க்கலாம். மீன் கழிவைப் போட்டு வரவைக்கிறார்கள் என்பதில் உடன்பாடில்லாதவர்களும் இருக்கிறார்கள், அதை அறிந்தே போங்கள். ஹுவாது, லாமு அட்டோல்கள் வழியாகப் போகும் தென்பகுதி லைவ்போர்டுகள் பிப்ரவரி, மார்ச்சில் சுறாக்களுக்குப் பெயர் பெற்றவை. அந்தப் பக்கம் என் அனுபவம் மெலிது என்பதால் மத்திய அட்டோல்களைச் சொல்லும் அளவுக்கு அழுத்தமாகச் சொல்ல மாட்டேன்.

எந்தக் கடலானாலும் படகைப் பற்றி ஒரு கேள்வி கட்டாயம்: இரவில் விழித்திருந்து சுற்றிவரும் காவலாள் உண்டா? 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா அருகே கன்செப்ஷன் என்ற டைவ் படகு நள்ளிரவுக்குப் பின் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். ரோந்து பார்க்க ஒருவரும் விழித்திருக்கவில்லை. செங்கடலிலும் 2023, 2024-இல் லைவ்போர்டுகள் எரிந்தும் மூழ்கியும் உயிர்கள் போயின. அறையில் இருந்து வெளியேற இரண்டு வழி உண்டா, கேமரா பேட்டரி, டார்ச் பேட்டரியை எங்கே சார்ஜ் போடச் சொல்கிறார்கள் என்பதை ஏறிய முதல் மணி நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். சார்ஜ் போட்டுவிட்டு யாரும் தூங்கப் போகக் கூடாது.

விடுப்பு எந்த மாதம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதிலிருந்து எந்த விலங்கு, எந்தப் பக்கம், எந்தப் படகு என்று வாருங்கள். விமானச் சீட்டு கடைசி. கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம், முடிந்தால் ஒரு முழு நாள் இருக்கும்படி திரும்பும் சீட்டைப் போடுங்கள். டைவிங் காப்பீட்டையும் கிளம்பும் முன்பே எடுத்துவிடுங்கள்.